கை சிகிச்சை அறையைத் திறந்து, செயல்முறை மருத்துவரை நியமியுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

நம் மாவட்டத்து அரசு மருத்துவமனையில் கையில் அடிபட்டவர்களுக்கென்று இயங்கிவந்த சிகிச்சை அறை பூட்டப்பட்டது ஏன் என்பது தாங்கள் அறிந்ததே. ஒப்பந்த முறையில் பணியாற்றிய செயல்முறை மருத்துவருக்கு, அதாவது அடிபட்ட கையை மீண்டும் அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் இடத்துக்கு வேறொருவர் வரவும் இல்லை. சென்ற வாரம் அங்கே போய் நின்ற எங்களிடம், "பயிற்சியை வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதிலைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஆங்கிள் கிரைண்டரின் சக்கரம் உடைந்து தெறித்ததில் என் வலது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநாண்கள் அறுந்துபோயின. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அவற்றை நேர்த்தியாகவே தைத்துக் கொடுத்தார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஆனால் தையலோடு கை குணமாகிவிடுவதில்லை. விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது; அதன் இழுப்பை விரல் நுனிவரை கொண்டுசெல்லும் நாண், குறுகலான ஓர் உறைக்குள் வழுக்கி ஓட வேண்டும். தைத்தபின் அசைக்காமல் வைத்திருந்தால் நாண் உறையோடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும். ஆர்வத்தில் அதிகம் அசைத்தால் தையலே அறுந்துவிடும். முதல் வாரம் எவ்வளவு மடக்கலாம், எப்போது எதையாவது பிடிக்கலாம், எப்போது பாரம் தூக்கலாம் என்பதைக் கையைத் தொட்டுப் பார்த்து, மூட்டின் கோணத்தை அளந்து சொல்ல ஆள் வேண்டும். ஏறத்தாழ 12 வாரம் நீளும் இந்தக் கவனிப்பைத்தான் வீட்டில் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். தைத்த நாண் இழுபடாமல் காக்க, புறங்கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டுவார்கள். அதற்கான பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, அது இளகியதும் எடுத்துத் துடைத்து, மணிக்கட்டும் விரலடி மூட்டுகளும் உட்புறமாக மடங்கியிருக்கும்படி கையின் மேல் அழுத்திப் படியவைத்து, இறுகும்வரை பிடித்திருப்பார் அந்தச் செயல்முறை மருத்துவர். வீக்கம் வடிய வடிய அந்தப் பட்டை தளரும். ஆகவே அதை மீண்டும் சூடாக்கிச் சரிசெய்ய வேண்டும். எனக்குச் சரிசெய்யும் நேரத்தில் அறை பூட்டிக்கிடந்தது. தளர்ந்த விளிம்பு பெருவிரலின் அடியில் உராய்ந்து புண்ணாக்கியதால், என் மனைவி பழைய வேட்டித் துணியை மடித்து உள்ளே திணித்துக் கட்டிவிட்டார். பட்டையைக் கழற்றி வைக்கவும் பயம், கட்டிக்கொண்டிருக்கவும் வேதனை. இதைத் திருத்த அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்தில் போக வேண்டும். கூட்டத்தில் கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் இருக்கிறது. இன்னொரு கையை யாரும் இடித்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். துணைக்கு வரும் மனைவிக்கும் அன்றைய கூலி போய்விடும்.

என்னோடு சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த நூற்பாலைத் தொழிலாளி அக்கா ஒருவர், அலைய முடியாமல் நிறுத்திவிட்டார். அவருடைய இரண்டு விரல்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. ஒட்டிய நாணை விடுவிக்க மறுபடி அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். அதைச் செய்தாலும் மறுநாளிலிருந்தே விரலை அசைத்துப் பழக்க அதே செயல்முறை மருத்துவர்தானே வேண்டும்? அவர் இல்லாமல் அறுவை அரங்குக்கு எவ்வளவு செலவழித்து என்ன பயன்?

இது தமிழ்நாடு அறியாத விஷயமும் அல்ல. 1940களின் இறுதியிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சிஎம்சி) அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை, நன்றாக இயங்கும் தசையின் நாணை இடம் மாற்றி இணைக்கும் நாண்மாற்று அறுவையால் நிமிர்த்தினார். அந்தக் கைகள் மீண்டும் வேலைக்குப் பழக வேண்டும் என்பதற்காகப் பயிற்சிக்கும் தொழில் கற்கவும் வழிசெய்தார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. பட்டறைகளும் ஆலைகளும் நிறைந்த நம் மாவட்டத்துக்கு ஒரே ஒரு பணியிடம்கூடக் கிடையாதா? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு என்று கணக்கிட்டது. விரல் போனபின் கணக்குப் போட அதிகாரிகள் இருக்கிறார்கள். இருக்கும் விரலைக் காப்பாற்ற ஒருவரை நியமிக்க மட்டும் நிதி இல்லை என்றால், அதை எங்களால் ஏற்க முடியவில்லை. 

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். நாங்கள் கேட்பது இதுதான்: கை சிகிச்சை அறையைத் திறந்து, அங்கே ஒரு செயல்முறை மருத்துவரை நிரந்தரப் பணியில் அமர்த்துங்கள். நியமன நடைமுறைக்குக் காலம் பிடிக்கும் என்பது எங்களுக்கும் தெரியும். அதுவரை வாரத்தில் இரண்டு நாளாவது வேறு அரசு மருத்துவமனையிலிருந்து ஒருவரை அனுப்பி வையுங்கள். பட்டைக்கு வேண்டிய தகடு கையிருப்பில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் போட்டு வார்டிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு என்பதால், எந்தத் தேதியில் அறை திறக்கப்படும் என்பதை மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கை சிகிச்சை பெற்றுவரும் ஒரு பட்டறைத் தொழிலாளி