கையைக் குறை சொல்லாதே, எர்த்தைப் பார்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

வெல்டிங் செய்யும்போது ராடு இரும்பில் ஒட்டுகிறது, ஒட்டாத நேரம் ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் தீ, அறுந்து போகிறது, கைதான் சரியில்லையோ என்று எழுதியிருந்தாய். கைக்குப் பிறகு வருவோம். முதலில் எர்த்தைப் பார், அதாவது கரண்டை மெஷினுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் கேபிளையும் அதன் கிளாம்பையும். கானாடுகாத்தான் வீட்டு ஜன்னல் கம்பி என்கிறாய். கோட் மேல் கோட்டாகப் பெயிண்ட் ஏறியிருக்கும். அதன் மேலேயே கிளாம்பைக் கவ்வவிட்டால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும்? கிளாம்ப் கவ்வும் இடம், பற்றவைக்கும் இடம் இரண்டையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துவிடு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும், மாஸ்க் இல்லாமல் தேய்க்காதே.

இரண்டு ராடு ஓட்டிவிட்டு மெஷினை அணை. கிளாம்ப், லக் (கேபிள் முனையில் மாட்டியிருக்கும் உலோக முனை), ஹோல்டர் (ராடைக் கவ்வும் கைப்பிடி) மூன்றின் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார். எந்த இணைப்பு மட்டும் தனியாகச் சுடுகிறதோ, கோளாறு அங்கே. லக்குக்குள் செம்பு இழை பாதி அறுந்திருந்தால் வெளியே தெரியாது, சூடுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன். 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் போதவே போதாது; 4 சதுர மி.மீ. போடு. சுருளாக வைக்காமல் முழுக்க விரித்துவிடு. நீ ஆர்க் பிடித்திருக்கும்போது யாரையாவது மெஷின் பக்கம் வோல்ட் பார்க்கச் சொல். 230 இருந்தது 200க்குக் கீழே விழுந்தால் நீ என்ன செய்தாலும் ஆர்க் நிற்காது.

6013 என்பது ராடின் வகை எண். 2.5 மி.மீ. 6013 ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர். 75-இல் தொடங்கு, ஒட்டினால் ஐந்தைந்தாகக் கூட்டு. ராடு செக்கச்செவேலென்று பழுத்தால் கூடிப்போயிற்று.

இப்போது கை. ராடு நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் உள்கம்பித் தடிமன் அளவுதான், அதாவது இரண்டரை மி.மீ. புதிதாகப் பழகுகிறவர்கள் கையைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்துவார்கள். ராடு எரிந்து குறைகிறதே, அதற்கேற்பக் கை இறங்க வேண்டாமா? இறங்காவிட்டால் இடைவெளி நீண்டு, பொறி தெறித்து, கடைசியில் அறுந்துவிடும். காதைத் தீட்டிக்கொள்: முறுக்கு எண்ணெயில் வேகிற மாதிரி ஒரே சீராகச் சடசடத்தால் சரி. விட்டு விட்டு வெடித்தால் தூரம் கூடிவிட்டது.

தீ ஒரு பக்கமாகவே ஒதுங்கினால் ஹோல்டரில் ராடை அரைச்சுற்றுத் திருப்பிக் கவ்வு. ஒதுங்கும் பக்கமும் சேர்ந்து திரும்பினால் ராடின் மேல்பூச்சு ஒரு பக்கம் கனம். அதைத் தூக்கிப் போடு. திரும்பவில்லை என்றால் காந்த இழுப்பு. டிசியில், மூலைகளிலும் ஓரங்களிலும் வரும். எர்த்தை வேறு முனைக்கு மாற்று, ஆர்க்கைக் குட்டையாக்கு, ஐந்து பத்து ஆம்பியர் குறை.

ஐப்பசி மழையில் பிரித்த பாக்கெட் என்றால் ஈரம் ஏறியிருக்கும். 6013-ஐ 100 முதல் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவைத்தால் போதும். யாரோ 7018 என்ற வேறு வகை ராடு தந்ததாக எழுதியிருக்கிறாய். அதைச் சின்ன ஏசி மெஷினில் போட்டு மல்லுக்கட்டாதே. ஓசிவி, அதாவது ஆர்க் பிடிக்காமல் சும்மா இருக்கும்போது மெஷின் தரும் வோல்ட், 70 பக்கம் இல்லாவிட்டால் அது பற்றிக்கொள்ளாது.

மெஷினின் பின்பக்கத் தகட்டில் ஓசிவி எவ்வளவு போட்டிருக்கிறது, ஏசியா டிசியா, இரண்டையும் பார்த்து எழுது. அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அப்பா