ஐடி துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்: எங்களுக்கு ‘கோ லிங்க்’ வேண்டும்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மென்பொருள் நிறுவனங்களின் சர்வர்களையும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்ளும் ஐடி துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் ஓஎம்ஆரில் ஒரு நடுத்தர நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்கு வேலை பழக்குவதும் என் பொறுப்பு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நிறுவனத்துக்குள் மட்டும் இயங்குகிற, நாங்களே பெயர் வைத்துக்கொள்ளக்கூடிய குறும்பெயர் லிங்க் வசதி ஒன்றை, அதாவது ‘கோ லிங்க்’ என்று சொல்வதை, அமைத்துக் கொடுங்கள். பிரவுசரில் ‘கோ/லீவ்’ என்று அடித்தால் விடுப்பு விதிகள் திறக்க வேண்டும். ‘கோ/கேப்’ என்று அடித்தால் இரவு ஷிப்டுக்கு வண்டி பதிகிற படிவம் வர வேண்டும்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எந்த டீமின் சாட் பக்கத்தையாவது திறந்து மேலே தள்ளிப் பாருங்கள். “அந்த ரிலீஸ் ஷீட் லிங்க் யார்கிட்டயாவது இருக்கா?” என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். யாரோ ஒருவர் தேடி எடுத்துப் போடுவார். அது போன வருடத்து ஷீட்டாக இருக்கும். இன்னொருவர் சரியானதைப் போடுவார், ஆனால் அதைத் திறக்க அனுமதி இருக்காது. மூன்றாவதாக ஒருவர் கோப்பையே இறக்கி அட்டாச்மென்டாக அனுப்பிவிடுவார். அந்த நிமிடத்திலிருந்து ஒரே ஷீட்டுக்கு இரண்டு பிரதிகள். எதில் யார் திருத்துகிறார்கள் என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கூகுள் டாக்ஸ் கோப்பின் அடையாளக் குறி மட்டுமே 44 எழுத்து. மைக்ரோசாஃப்டின் ஷேர்பாயின்ட் லிங்க் பல சமயம் அதையும் தாண்டி நீளும். இவற்றைப் போனில் சொல்ல முடியாது, ஒயிட்போர்டில் எழுத முடியாது. இரவு இரண்டு மணிக்கு புரொடக்‌ஷன் சர்வர் விழுந்துவிட்டது, போன் அழைப்பில் ஏழெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள், ரன்புக் (கோளாறு வந்தால் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் குறிப்பு) எங்கே என்று ஒருவர் எங்கள் ஆவணத் தளமான கான்ஃப்ளுயன்ஸில் துழாவிக்கொண்டிருக்கிறார். “கோ/பேமென்ட்-ரன்புக்” என்று வாயால் சொன்னால் அத்தனை பேரும் அதே பக்கத்தில் இருப்பார்கள்.

இதில் அதிகம் சிரமப்படுவது புதியவர்கள். கல்லூரி முடித்து முதல் வேலைக்கு வந்த பிள்ளை ஒரு லிங்கை ஒருமுறை கேட்கும், இரண்டாவது முறை தயங்கிக் கேட்கும், மூன்றாவது முறை கேட்காது. தெரியாமலேயே வேலையை ஓட்டப் பார்க்கும். சீனியர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் அவர்கள் பிரவுசரில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த புக்மார்க்குகள் இருக்கின்றன. அப்படி ஒருவரின் லேப்டாப்பில் முடங்கிக் கிடக்கும் அறிவை எல்லோருக்கும் பொதுவாக்குவதுதான் நான் கேட்கும் வசதி.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 2005 வாக்கில் கூகுளுக்குள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்த பெஞ்சமின் ஸ்டாஃபின் தொடங்கிவைத்தது. அங்கே வேலை பார்த்துவிட்டு வேறு இடங்களுக்குப் போனவர்கள் இந்த வசதி இல்லாமல் கை ஒடிந்ததுபோல் உணர்ந்து, போன இடத்திலும் கட்டிக்கொண்டார்கள். இப்போது காசுக்கு விற்கும் நிறுவனங்களும் உண்டு, இலவசமாகக் கிடைக்கும், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள்களும் உண்டு. விபிஎன் சேவை தரும் டெயில்ஸ்கேல் நிறுவனம் 2022-இல் தங்கள் உள்வேலைக்கு எழுதிய ‘கோலிங்க்’ நிரலைத் திறமூலமாக வெளியிட்டது. ஒரே ஒரு நிரல், ஒரு சின்னத் தரவுக் கோப்பு; டெயில்ஸ்கேலின் நெட்வொர்க்கில் இயங்கும்.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்றாலும், பட்ஜெட் கையெழுத்துப் போடுபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். நிறுவனத்தின் உள் டிஎன்எஸ்ஸில் (எந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் பட்டியலில்) ‘கோ’ என்று ஒரு பெயரைச் சேர்த்து, அதை ஒரு சின்ன சர்வருக்குத் திருப்ப வேண்டும். அந்த சர்வரில் ஓர் அட்டவணை: இடப்பக்கம் குறும்பெயர், வலப்பக்கம் முழு முகவரி. யாராவது கேட்டால் அந்த முகவரிக்கு அனுப்பிவைக்கும். ஆவணம் எதுவும் அந்த சர்வரில் இருக்காது. இப்போது நமக்கு இருக்கிற எந்த சர்வரின் மூலையிலும் அது ஓடும்.

சிக்கல்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருப்பி அனுப்பும்போது 301 குறியீட்டைக் கொடுத்தால், நிரந்தர மாற்றம் என்று பிரவுசர் மனதில் வைத்துக்கொள்ளும். பிறகு லிங்கை மாற்றினாலும் சிலருக்குப் பழைய பக்கமே திறக்கும். தற்காலிக மாற்றம் என்று சொல்லும் 302-ஐக் கொடுக்க வேண்டும். அடுத்து, தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்லும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ். இப்படிப்பட்ட ஒற்றைச்சொல் உள்பெயர்களுக்குப் பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் சான்றிதழ் தருவதை 2015 நவம்பரோடு நிறுத்திவிட்டன. ஆகவே நம் சொந்தச் சான்றிதழை லேப்டாப்களில் ஏற்ற வேண்டும், அல்லது ‘கோ’ என்ற பெயரை நிறுவனத்தின் முழு டொமைனுக்குக் கீழே உள்ள முகவரிக்குத் தள்ளிவிட வேண்டும். பாதிப் பேர் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்வதால், அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் இல்லாதபோதும் லாகின் கேட்டு உள்ளே விடுகிற ஏற்பாடும் தேவை. எல்லாம் உங்கள் ஆட்கள் தினமும் செய்கிற வேலைதான். ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்காது என்பது என் கணிப்பு.

இந்த வசதியின் உண்மையான பலம், என்னைப் பொறுத்தவரை, நீளம் குறைவதில் இல்லை. பெயர் அப்படியே நிற்க, பின்னால் இருக்கும் ஆவணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பதில்தான் இருக்கிறது. நம் துறையில் ஆட்கள் வருவதும் போவதும் ஓயாத கதை. ஒருவர் ராஜினாமா நோட்டீஸ் காலம் முடிந்து போகிறார், கணக்கு நீக்கப்படுகிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இயல்பாக 30 நாள் வைத்திருப்பார்கள். அதற்குள் கோப்புகளை வேறொருவர் பெயருக்கு மாற்றவில்லை என்றால் பிறகு மீட்பது பெரும்பாடு. அவர் கோப்புகளைச் சுட்டிய லிங்குகள் எத்தனை மின்னஞ்சலில், வேலைகளைப் பதிந்துவைக்கும் ஜிராவின் எத்தனை டிக்கெட்டில், எத்தனை பயிற்சிக் கையேட்டில் கிடக்கின்றன என்று யாரால் தேட முடியும்? அந்த இடங்களில் எல்லாம் ‘கோ/ஆன்போர்டிங்’ என்று எழுதியிருந்தால், அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அத்தனை கையேடுகளும் அந்த நொடியே சரியாகிவிடும். கூகுளை விட்டு மைக்ரோசாஃப்டுக்கு மாறுவது என்று மேலிடம் ஒருநாள் முடிவெடுத்தாலும் இதே கதைதான்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். எளிதில் ஊகிக்கக்கூடிய பெயர் என்றால் ஆபத்தில்லையா? இந்த அச்சம் தவறான இடத்தில் நிற்கிறது என்று நினைக்கிறேன். பூட்டு ஆவணத்தில் இருக்க வேண்டும். லிங்கின் நீளத்தைப் பூட்டாக நம்பக்கூடாது. ‘கோ/சம்பளப்பட்டியல்’ என்று யார் அடித்தாலும், அந்த ஷீட்டுக்கு அனுமதி இல்லாதவருக்குக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. இப்போது நடப்பது என்ன? அனுமதி கேட்டு ஆளாளுக்கு மெயில் வருகிறதே என்று சலித்து, ‘லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிடுகிறார்கள். பெரிய ஓட்டை அங்கேதான்.

நீங்கள் ஏற்பாடு செய்து தராவிட்டால் ஊழியர்கள் சும்மா இருக்கப்போவதும் இல்லை. பிட்லி, டைனியூஆர்எல் மாதிரி வெளியே கிடைக்கும் சுருக்கிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் விளைவு என்ன என்பதற்கு 2016-இல் கார்னெல் டெக் ஆய்வாளர்கள் மார்ட்டின் ஜார்ஜீவும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஐந்தாறு எழுத்துச் சுருக்க லிங்குகளைக் கணினியால் வரிசையாக முயன்றுபார்த்தே அடுத்தவரின் ஒன்டிரைவ் ஆவணங்களை அவர்கள் திறந்துகாட்டினார்கள். அப்படிக் கிடைத்த ஃபோல்டர்களில் 7 சதவீதத்தில் யார் வேண்டுமானாலும் எழுதவும் முடிந்தது. வைரஸ் கோப்பு ஒன்றை அங்கே போட்டுவைத்தால், அது உரியவரின் கணினியில் தானாகவே போய் இறங்கும் அபாயம். இந்த ஆய்வாளர்கள் எச்சரித்த பிறகுதான் கூகுள் தன் மேப்ஸ் சுருக்க லிங்குகளை ஐந்து எழுத்திலிருந்து பதினொன்று, பன்னிரண்டாக நீட்டியது.

வெளிச் சுருக்கிகளின் ஆயுளுக்கும் உத்தரவாதம் இல்லை. கூகுளே 2009-இல் தொடங்கிய கூ.ஜிஎல் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் புது லிங்க் உருவாக்குவது நின்றது. 2024-இல், அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் பழைய லிங்குகளும் வேலை செய்யாது என்று அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் மனம் மாறி, பயன்பாட்டில் உள்ளவை மட்டும் தொடரும் என்றார்கள். அதற்கும் முன்னால், 2010-இல், லிபியாவுக்கு உரிய எல்ஒய் (.ly) என்று முடியும் முகவரியில் இயங்கிய ஒரு சுருக்கியை அந்நாட்டு நிர்வாகம் பறித்துக்கொண்டது. நம் அலுவலக ஆவணத்துக்குப் போகும் வழி ஏன் அப்படிப்பட்ட ஒரு கையில் இருக்க வேண்டும்?

உள்ளேயே வைத்தாலும் சில கட்டுப்பாடுகள் தேவை, அவற்றை நானே கேட்டுக்கொள்கிறேன். சம்பளம், வங்கி விவரம், பாஸ்வேர்ட் மாற்றம் போன்ற பெயர்களை முதல் நாளே உங்கள் துறை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். யாரோ ஒருவர் ‘கோ/பேஸ்லிப்’பைப் போலி லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், மொத்த அலுவலகமும் நம்பி ஏமாறும். ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார் என்ற பதிவு இருக்கட்டும். நிறுவனத்துக்குத் தெரிந்த டொமைன்களைத் தவிர வேறெங்கும் போகும் லிங்குக்கு எச்சரிக்கைப் பக்கம் வரட்டும். பெயரே ரகசியத்தைச் சொல்லிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. அட்டவணையை எல்லோரும் தேடிப் பார்க்கலாம் என்பதால், அறிவிக்காத ஒரு வாடிக்கையாளரின் பெயரையோ ஆட்குறைப்புத் திட்டத்தையோ குறும்பெயராக வைக்கக்கூடாது என்று எச்ஆரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மற்றபடி கட்டுப்பாடு வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு லிங்க் உருவாக்க டிக்கெட் போட்டு, மேலாளர் ஒப்புதல் வாங்கி, இரண்டு நாள் காத்திருக்க வேண்டும் என்றால் யாரும் உருவாக்க மாட்டார்கள். இல்லாத பெயரை ஒருவர் அடித்தால் ‘இப்படி ஒன்றும் இல்லை’ என்று மூஞ்சியில் அடிக்கும் பக்கம் வரக்கூடாது. ‘இதை நீங்களே உருவாக்கலாம்’ என்ற படிவம் வர வேண்டும். அட்டவணை வளர்வதே அந்த இடத்தில்தான். உரிமை தனி ஆளின் பெயரில் இல்லாமல் டீமின் பெயரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் முன்னே சொன்ன நோட்டீஸ் கதை இங்கேயும் வந்துவிடும்.

பெயர்கள் ஊழியர்கள் பேசுகிற சொற்களாக இருக்க வேண்டும். ஆவணத்தின் தலைப்பில் ‘பணியாளர் விடுப்புக் கொள்கை, திருத்தம் 4’ என்று இருக்கலாம். கேன்டீனில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, லீவ் பாலிசி என்றுதான் சொல்கிறார்கள். ஒரே பக்கத்துக்கு நாலு பெயர் இருந்தாலும் நல்லதுதான். இடைக்கோடு போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே இடத்துக்குப் போகிற மென்பொருளாகப் பாருங்கள், நான் சொன்ன டெயில்ஸ்கேல் நிரல் அதைச் செய்கிறது.

தமிழில் பெயர் வைக்கவும் வழி செய்யுங்கள். பாதுகாவலர்கள், ஓட்டுநர்கள், பராமரிப்புப் பிரிவு ஊழியர்கள் பலருக்கு அதுவே வசதி, இப்போது போனில் தமிழில் அடிக்காதவர் யார்? ஒரு தொழில்நுட்பத் தொல்லை மட்டும் உண்டு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். ‘விடுப்பு’ என்ற சொல் நகலெடுத்து ஒட்டும்போது 72 எழுத்துச் சதவீதக் குறிக் குவியலாகிவிடும். எனவே தமிழ்ப் பெயரை அடிப்பதற்கும் சொல்வதற்கும் சுவரொட்டியில் அச்சிடுவதற்கும் வைத்துக்கொண்டு, சாட்டில் ஒட்டுவதற்கு ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் அதே பக்கத்துக்கு இணைத்துவிடலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஒரு டீமையும் எச்ஆரையும் மட்டும் வைத்துத் தொடங்குங்கள் என்பேன். லீவ், கேப், பேஸ்லிப், இன்சூரன்ஸ், விடுமுறைப் பட்டியல், ஐடி டிக்கெட், கிளெய்ம். இவை கிடைத்துவிட்டாலே புதியவர்களின் முதல் வாரக் கேள்விகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும், எந்த டீம் பொறுப்பு என்ற பட்டியலை டீம் லீடுகள் நாங்களே உட்கார்ந்து எழுதித் தருகிறோம். உடைந்த லிங்குகளை மாதம் ஒருமுறை சரிபார்க்கும் வேலையையும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு சர்வரும் டிஎன்எஸ்ஸில் ஒரு வரியும் உங்களிடமிருந்து வந்தால் போதும். அடுத்த ஃப்ரெஷர் பேட்ச் சேருவதற்கு முன் தேதி ஒன்றைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓஎம்ஆரிலிருந்து ஒரு டீம் லீட்