கால்பந்து மைதானம்: வடிகாலுக்கு முதலிடம் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கால்பந்து மைதானம் பற்றிய அறிவிப்பு எங்கே வெளியானாலும், உடன் வரும் மாதிரிப் படத்தில் பார்வையாளர் மாடமும் மின்விளக்குக் கோபுரங்களும் எடுப்பாகத் தெரிகின்றன. மழைநீர் எந்தப் பக்கம் வடிந்து எங்கே போய்ச் சேரும் என்பதைக் காட்டும் ஒரு கோடுகூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. மைதானங்கள் முதல் மழைக்காலத்திலேயே சேறாகிப் பூட்டப்படுவதற்கு இந்த விடுபாடே பெரிதும் காரணமாகிறது என்பதால், இதைத் திட்டமிடுவோரின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுவர விரும்புகிறேன்.

அளவுகளில் குழப்பம் ஏதுமில்லை. பெரிய போட்டிகளுக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் ஆகும். மாலை வெயில் கோல்கீப்பரின் கண்ணில் நேராக அடிக்காதிருக்க, நீளவாக்கு ஏறக்குறைய வடக்கு தெற்காக அமைய வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே வீரர்கள் ஓடி நிற்பதற்கான இடத்தையும் சேர்த்தே நிலம் ஒதுக்க வேண்டும். கோட்டை ஒட்டிச் சுவர் எழுப்புவது ஆபத்தானது.

இனி, நீர். மேற்சொன்ன அளவுள்ள களத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். அதன்மீது 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,57,000 லிட்டர் நீர் இறங்குகிறது. இவ்வளவு நீரும் சில மணி நேரத்தில் வெளியேற வேண்டுமானால், மேற்பரப்பின் சரிவும் அடிமண்ணின் வடிகாலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். நீளவாக்கில் நடுப்பகுதியை உயர்த்தி இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு கொடுத்தால், நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 34 சென்டிமீட்டர்தான். ஆடுவோர் அதை உணரவே மாட்டார்கள், ஆனால் நீர் தேங்காது. அதற்கடியில், துளையிட்ட குழாய்களைச் சரளைக்கல் நிரப்பிய பள்ளங்களில் பதித்து, மேலே மணல் மிகுந்த வேர்மண் அடுக்கைப் பரப்ப வேண்டும். களிமண் நிலத்தில் இவற்றைத் தவிர்த்துவிட்டு, ஈரத்தோடு ரோலர் ஓட்டி மட்டப்படுத்திப் புல் பதித்தால், மண் இறுகி நீரையும் காற்றையும் உள்ளே விடாமல், வேர் மேலாகவே நின்று, புல் பாய்போலப் பெயர்ந்து வந்துவிடும். ஓரடி ஆழக் குழி வெட்டி நீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தாலே மண்ணின் இயல்பு ஓரளவு விளங்கும். செலவே இல்லாத இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் ஒப்பந்தப்புள்ளி கோருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செயற்கைப் புல்தரை விரித்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் பரவியிருக்கிறது. மழைக்காலத்திலும் நீண்ட நேரம் ஆட அது உதவும் என்பது உண்மையே. ஆயினும் அதற்கும் அடித்தளமும் வடிகாலும் கட்டாயம் வேண்டும். கடும் வெயிலில் அது இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும். ஏறத்தாழ பத்தாண்டுகளில் மாற்றவும் வேண்டியிருக்கும். வெப்பமான இடங்களில் அருகம்புல் இன வகைகள் மிதிபடுதலைத் தாங்கி விரைவில் படர்ந்து மூடுவதால், பராமரிக்க ஆள் இருக்குமானால் அவற்றையே நான் பரிந்துரைப்பேன்.

அந்தப் பராமரிப்புக்குத் திறப்பு விழாவோடு நிதி நின்றுவிடுவதுதான் அடுத்த குறை. கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சுவதென்றால், அதற்கே 35,700 லிட்டர் தேவைப்படும்; நீராதாரம் எது என்பது வரைபட நிலையிலேயே முடிவாக வேண்டும். கோல் முகப்பில் புல் தேய்ந்து, மண் குழிந்து, முதலில் நீர் தேங்குவதும் அங்கேதான். பயிற்சிக்கு நகர்த்தும் கோல்களைப் பயன்படுத்தி இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் தேய்மானம் குறையும். அவ்வாறு நகர்த்தும் கோல்களை ஒவ்வொரு முறையும் தரையோடு உறுதியாகப் பிணைக்க வேண்டும். பிணைக்காத கோல் சாய்ந்து சிறுவர்கள் உயிரிழந்த நிகழ்வுகள் உலகில் பல உண்டு.

ஆகவே, மைதானத் திட்டங்களுக்கு ஒப்புதல் வழங்குவோர், மண் பரிசோதனை அறிக்கை, வடிகால் வரைபடம், முதல் ஐந்தாண்டுகளுக்கான பராமரிப்பு நிதி ஆகிய மூன்றும் இணைக்கப்படாத கோப்புகளைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றும், நிதி போதாதபோது பார்வையாளர் மாடத்தைத் தள்ளிவைத்து வடிகால் பணியை முதலில் முடிக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கால்பந்து ஆர்வலரான தங்கள் வாசகர்