படங்கு கட்டிவிட்ட அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அந்தச் சனிக்கிழமை இலங்கை மலையகத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நான் செய்த பாய்மரப் படகு கவிழ்ந்த கதையை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நோர்வூட் கடைத்தெருவில் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். ஒருவர் கணக்கில் நான் இருபது நிமிடம் தண்ணீரில் கிடந்தேன், அடுத்தவர் கணக்கில் ஒரு மணி நேரம். வீடியோவும் சுற்றுகிறது. அது தமிழ்நாட்டில், கோத்தகிரியில் இருக்கும் என் அம்மா வரை போய், அவர் போனில் அழுதும் முடித்துவிட்டார். இன்றோடு ஐந்து நாள். கண்ணை மூடினால் இன்னும் தண்ணீர்ச் சத்தம்தான். அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த இரண்டு மீனவர்கள். விரித்த வலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். எனக்குச் சிங்களம் வராது, அவர்களுக்கு என் தமிழ் பிடிபடவில்லை. "மல்லி, மல்லி" (தம்பி என்று அர்த்தமாம்) என்று அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே வந்தது மட்டும் காதில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் வந்ததும் ஒரு பக்கம் மிதவை கட்டிய படகுதான். நான் ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த படகுக்கு அது உறவுக்காரன். கவிழ்ந்தது ஒன்று, காப்பாற்றியது ஒன்று.

"உங்கள் படகுக்கு எது முன், எது பின்?" என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் முன்தான். லயத்துப் பிள்ளைகள் (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) அதற்கு 'இருதலை மணியன்' என்று பெயர் வைத்தது மிகச் சரி. புரோவா என்பார்கள், மலாய் மொழியிலிருந்து வந்த பெயர். பசிபிக் தீவுக்காரர்கள் இதில்தான் கடல் கடந்திருக்கிறார்கள். நீளமான ஒல்லி உடம்பு, ஒரு பக்கம் மட்டும் மிதவை. அந்த மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். அதனால் திசை மாற்றும்போது படகைத் திருப்புவதில்லை. பாயின் அடியைத் தூக்கி மறுமுனைக்குக் கொண்டுபோனால், இதுவரை வாலாக இருந்தது தலையாகிவிடும். வந்த வழியே பின்னோக்கிப் போவதுபோல இருக்கும், ஆனால் முன்னால்தான் போகிறோம். நீர்கொழும்பில் ஓரு என்கிற, ஒரு பக்கம் மிதவை வைத்த பாய்மரப் படகுகள் இதே மாதிரி ஓடுவதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. தேயிலை ஸ்டோர்களில், அதாவது தொழிற்சாலைகளில், நிறம் பிரிக்கும் மெஷின் பூட்ட இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இது தேவையா என்றால், தேவையில்லைதான்.

மூன்று முறை செய்தேன். முதல் படகின் மிதவை, இரண்டு பக்கமும் அடைத்த நாலு அங்குல பிவிசி குழாய், எட்டடி நீளம். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் அது 20 கிலோவைக்கூடத் தாங்காது என்று தெரிந்திருக்கும். போடவில்லை. இரண்டாவதில் பாய் பெரிது. மூன்றாவதுதான் நீங்கள் பார்த்தது. 15 அடி, பிளைவுட்டைச் செம்புக் கம்பியால் தைத்து ஒட்டியது, குறுக்கே மூங்கில், பாய்க்கு ஹட்டனில் கஜக் கணக்கில் வாங்கிய நீலப் படங்கு, அதாவது தார்ப்பாய். ஓரு ஓட்டுகிறவர்கள் காற்று கூடக் கூட ஆள்களை மிதவைப் பக்கம் அனுப்பி உட்கார வைத்து, ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று என்று அளந்தார்களாம். பழைய பயணக் குறிப்புகளில் உண்டு. என்னிடம் இருந்தது ஒரே ஆள். வந்தது மூன்று ஆள் காற்று. அதுவும் மலை இடுக்கில் சுழன்று தவறான பக்கமாக வந்தது. மிதவை இல்லாத பக்கம் காற்று ஏறிவிட்டால் பாய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எதிர்த்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. கயிற்றை உடனே விட்டிருந்தால் தப்பியிருக்கலாம். நான் போட்ட முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, அவிழவில்லை. சரி, அது என் தப்பு.

இப்போது நான் எழுத வந்த விஷயம்.

கரையில் இறக்கிவிட்டபோது எனக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆயிரம் மீட்டர் உயரத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கொழுந்து நிறுத்துவிட்டு இறங்கிய பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஆளாளுக்குக் கேள்வி. சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அவர்களையும் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அக்கா வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கொழுந்து பறிக்கும்போது செடி ஈரம் படாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தார், என் நெஞ்சைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினார், உரச்சாக்கு நூலால் விலாப் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டார்.

"கைய உள்ள வையி தம்பி."

அவ்வளவுதான். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறிப் போய்விட்டார்.

அந்தப் படங்கு சூடாக இருந்தது. காலையிலிருந்து அவர் உடம்பில் இருந்த சூடு. தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்திருந்தது, பச்சைக் கொழுந்து வாசம். ஆஸ்பத்திரியில் கொடுத்த போர்வை இதைவிடத் தடிப்பு. ஆனால் என் நடுக்கம் நின்றது இதில்தான்.

இரவு அறைக்கு வந்து கழற்றப் பார்த்தால் முடிச்சு அவிழவில்லை. ஏழு மாதமாக வீடியோ பார்த்து முடிச்சுப் படித்தவன் நான்! விரல் மரத்துப்போயிருந்தது. கத்தியை எடுத்தேன், அடுத்தவர் சாமானை எப்படி வெட்டுவது என்று வைத்துவிட்டேன். அப்படியே படுத்துத் தூங்கினேன். காலையில் தொங்கிக்கொண்டிருந்த நுனியை லேசாக இழுத்தேன். பொலபொலவென்று அவிழ்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க மாற்று நுனியைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

நேற்றுத்தான் திருப்பிக் கொடுக்கப் போனேன். கூட இரண்டு புதுப் படங்கும் வாங்கிப் போயிருந்தேன். லயத்தில் பக்கத்துக் காம்பராப் (அறைப்) பெண் சொல்லித்தான் தெரியும்: "ரெண்டு நாளா உரச்சாக்கத்தான் கிழிச்சுக் கட்டிக்கிட்டு மலைக்குப் போகுது." மழை நின்ற பிறகும் செடி ஈரம் சொட்டும், கவ்வாத்துக் கட்டை தொடையைக் கிழிக்கும். படங்கு இல்லாமல் நிரையில் நிற்பது என்றால் என்ன என்று இதைப் படிக்கிற பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டாம். நான் ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். துவைத்துக் காய வைத்து மடித்துக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். "இப்ப அது எதுக்கு?" என்று அக்கா அந்தப் பெண்ணைத்தான் அதட்டினார்.

தேத்தண்ணி வந்தது. எந்த ஊர் என்று கேட்டார். கோத்தகிரி, தாத்தா பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தவர்கள், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து இந்தியாவுக்குப் போனவர்கள் என்றேன். பாட்டி பிறந்த மலைக்கு விசா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அவருடைய பெரியம்மா மகளும் அந்தப் பக்கம் போனவராம், கப்பலில். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்:

"அங்கயும் குளிரா?"

"ஆமாக்கா, இதே மாதிரிதான்."

"அப்ப ஏன் அந்த நடுங்கு நடுங்கின?"

லயமே சிரித்தது. என் படகின் பாயும் படங்குத் துணிதான் என்று சொன்னேன், நம்பவில்லை. போனில் படத்தைக் காட்டினேன். "முப்பது வருஷமா இதக் கட்டிக்கிட்டு மலையில ஏறி இறங்குறோம், எங்கள ஒரு காத்தும் தூக்கிட்டுப் போகலயே" என்றார். கொண்டுபோன இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்றது என் பாய்க்கு ஒட்டுப் போடவாம். பெயரை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் தம்பி, தோட்டத்துத் துரை படிச்சா வேல நேரத்துல கரையில என்ன வேடிக்கைனு கேப்பாரு" என்றார். ஆகவே பெயர் இல்லை. கிளம்பும் முன் அந்த முடிச்சை எனக்கு மூன்று தரம் போட்டுக் காட்டினார். நனைந்தாலும் நிற்கும், நுனியை இழுத்தால் ஒரே கையில் விடும். சனிக்கிழமை என் பாய்க் கயிற்றில் இருந்திருக்க வேண்டிய முடிச்சு.

மற்றவர்களையும் மறக்கவில்லை. டிஸ்பென்சரியில் திட்டிக்கொண்டே ஊசி போட்டவர், காசு வாங்காத திரீவீல் அண்ணன், நாளைக்கும் லீவு போடு என்று சொன்ன என் மேலாள், எபோக்சிக்குக் கடன் சொன்னபோதெல்லாம் தலையாட்டிய ஹார்ட்வேர் முதலாளி, மூங்கில் வெட்டித் தந்த பாஸ் (இங்கே கைவேலைக்காரரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்), வீட்டுக்கே வந்து இரண்டு மணி நேரம் புத்தி சொல்லிவிட்டுக் கடைசியில் பாயை எப்படிக் கட்டுகிறாய் என்று விசாரித்த போலீஸ்காரர், எல்லோருக்கும் என் கும்பிடு. மீனவர்களின் வலை கிழிந்துவிட்டது என்று வேறு ஆள் மூலம்தான் கேள்விப்பட்டேன். அதற்கு நான் பொறுப்பு. அண்ணன்மாரே, வாங்க மாட்டேன் என்று சொல்லாதீர்கள்.

அம்மாவிடம் "இனிமேல் தனியாகப் போக மாட்டேன்" என்று சத்தியம் செய்திருக்கிறேன். 'தனியாக' என்ற சொல் அவர் காதில் விழுந்ததா தெரியாது. மிதவை அங்கி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன். தென்மேல் பருவம் அடங்கும் வரை படகு லயத்துக் கோடியில் கவிழ்ந்தே கிடக்கும். பிள்ளைகள் அதன்மேல் ஏறிக் குதிப்பதாகக் கேள்வி, குதிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. என் துடுப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஆறடி நீளம், அலகு நுனியில் சிவப்புப் பெயின்ட். கரையில் எங்காவது ஒதுங்கியிருந்தால் பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில் கொடுத்துவிடுங்கள். அடுப்புக்கு வெட்டியாகிவிட்டது என்றாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், தேடுவதை நிறுத்திவிடுகிறேன்.