சீட்டோடு நின்றுபோகும் கண் பரிசோதனை: அதன் பிறகான வேலைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதும் பிள்ளைக்குப் படிப்பில் மந்தம் என்று சீக்கிரம் பெயர் விழுந்துவிடுகிறது. பலகையில் எழுதியது அதற்குத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளையாக வந்து சொல்லாது. எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும்.

நகர நிர்வாகத்திடம் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பள்ளியிடம் பிள்ளைகளும், அவர்களைத் தினமும் பார்க்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்தால் பரிசோதனை நடத்திவிடலாம். ஆனால் "மருத்துவரிடம் காட்டவும்" என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பியதும் இரு தரப்பின் பொறுப்பும் தீர்ந்துவிடுகிறது. சீட்டு பைக்குள் கசங்குகிறது. இந்த நிதி சீட்டுக்குப் பிறகு நடக்க வேண்டியவற்றுக்கானது.

முதல் கட்டமான பள்ளிப் பரிசோதனைக்குச் செலவு குறைவு, கவனம்தான் அதிகம் வேண்டும். சுவரில் அட்டை, பிள்ளையின் கண் உயரத்தில். அங்கிருந்து 6 மீட்டரில் தரையில் ஒரு கோடு; குதிகால் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். எழுத்துப் படிக்காத சிறு பிள்ளைகளுக்கு, ஆங்கில 'ஈ' எழுத்து நான்கு பக்கமும் திரும்பி நிற்கும் அட்டை. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். 6/12 வரியில் (நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரிலிருந்தே படிக்கும் வரி) பாதிக்கு மேல் சரியாகச் சொல்லாத பிள்ளையை இன்னொரு நாள் மறுபடி பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்புவோம். முதல் நாளே எல்லோரையும் அனுப்பினால் பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். அடுத்த ஆண்டு பெற்றோர் நம்ப மாட்டார்கள்.

இங்கே கெடுவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். விரலால் கண்ணை மூடினால் இடுக்கு வழியே பார்க்கும். அழுத்தி மூடினால் அந்தக் கண் அடுத்த முறை மங்கும். அதனால் கெட்டியான மறைப்பு அட்டை வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் காதில் விழுந்ததை மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆகவே வரிசை கதவுக்கு வெளியே. கண்ணைச் சுருக்கிப் பார்த்துச் சரியாகச் சொன்னால் அது தேர்ச்சி ஆகாது. ஒரு கண் மட்டும் பலவீனமாக இருந்தால் மூளை அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிடும். இந்தச் சோம்பல் கண்ணுக்கு 7 வயதுக்கு முன் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். எனவே முதல் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்குகிறோம்.

இரண்டாம் கட்டத்தில் பணம் தேவைப்படுகிறது. பிள்ளைகளின் கண் தசை தானாகவே குவியத்தை மாற்றிக்கொள்ளும். பவர் அளக்கும் கருவியை மட்டும் நம்பினால், அது தேவைக்கு மேல் மைனஸ் பவர் காட்டும். தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டு, பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் (பார்வையைச் சோதித்துக் கண்ணாடிப் பவர் எழுதுபவர்) பார்க்க வேண்டும். மருந்து போட்ட பிறகு ஒரு நாள் வரை எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கி, தேர்வுக்கு முந்தைய நாளைத் தவிர்த்துத்தான் தேதி வைப்போம். பரிசோதகர் பள்ளிக்கே வர வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகச் சொன்னால் பலரால் போக முடியாது.

கண்ணாடிக்கு எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ். இரு கண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே பவர், சிலிண்டர் பவரும் (ஒரு திசையில் மட்டும் உள்ள மங்கலைச் சரிசெய்யும் பவர்) மிகக் குறைவு என்றால், முன்பே செய்து வைத்திருக்கும் ஆயத்தக் கண்ணாடியே போதும், செலவு மிச்சம். பிரேமின் நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காத பிரேம் பெட்டியை விட்டு வெளியே வராது.

அணியாமல் விடுவதுதான் பெரிய தலைவலி. கேலி, மூக்கிலிருந்து வழுக்குவது, உடைந்தால் அடி விழும் என்ற பயம், கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற வீட்டார் நம்பிக்கை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பவர் ஏறுவது கண் வளர்வதால், கண்ணாடியால் அல்ல. மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல் வகுப்புக்குப் போய் யார் அணிந்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். திருகு இறுக்க, பிரேமின் கால் வளைக்க, உடைந்ததை மாற்றித் தர, ஆண்டுக்கொரு முறை பவரைச் சரிபார்க்க ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். அவருடைய சம்பளம்தான் கவர்ச்சியே இல்லாத செலவு. அதைத்தான் முதலில் கேட்கிறோம்.

கூடவே ஒரு சிறு பங்கு, பள்ளி மைதானத்துக்கு. பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வருவதைக் குறைக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகள் சிலவற்றில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூட்டி மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். 2015இல் வெளிவந்த முடிவின்படி, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே சுமார் 30 சதவீதம், கூட்டாத பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். ஆகவே மைதானம் திறக்க வேண்டியது கடைசி மணி அடித்த உடனே. பொழுது சாய்ந்து விளக்கு போட்ட பிறகு அல்ல. சாவி பள்ளியுடையது, காவலாளும் விபத்துப் பொறுப்பும் நகரத்துடையவை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். நிழல் பந்தலும் குடிநீர்க் குழாயும்தான் பாக்கி.

பழைய கண்ணாடிகளைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பவரும் கண்மணிகளுக்கிடையேயான தூரமும் பொருந்துவது அரிது. பிரித்துத் துடைத்து அளந்து பார்க்கும் செலவில் புதிதே வாங்கிவிடலாம். பிரேமில் நன்கொடையாளர் பெயர் அச்சிட மாட்டோம். பிள்ளைகளின் படமோ பெயரோ தர மாட்டோம்.

மொத்தமாகத் தருவதைவிட, இரண்டு ஆண்டுகளுக்கு மாதாமாதம் சிறு தொகை தருவது எங்களுக்கு உதவியாக இருக்கும். கண்ணாடி மாற்றும் தேவை இரண்டாம் ஆண்டில்தான் குவியும். பணம் கூட்டுக் கணக்கில் சேரும். எடுக்கப் பள்ளித் தரப்பிலிருந்து ஒருவரும் நகரத் தரப்பிலிருந்து ஒருவரும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு பருவ முடிவிலும் வரவு செலவும், எத்தனை பேரைப் பரிசோதித்தோம், எத்தனை பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் அணிந்திருந்தார்கள் என்பதும் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். நன்கொடையைப் பள்ளி அலுவலகத்தில் செலுத்தி, எண்ணிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தராதீர்கள், எங்கள் குழு உறுப்பினர்களிடமும்தான்.

இப்படிக்கு,
நகர, பள்ளிக் கூட்டுக் குழுவினர்