ஓட்டை போடாத டப்பா

கரோல் பாக், டெல்லி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. முதலில் ஒரு மன்னிப்பு. நீ கொடுத்தனுப்பிய மிளகாய் விதை சொத்தை என்று போனில் கத்தினேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விதை நன்றாகத்தான் முளைத்தது. ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் ஓட்டை போடாமல், இந்த மழைக்காலத்தில் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றியவன் நான். சாயங்காலம் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இலை பச்சையாகவே இருக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு வெந்த கீரை மாதிரி குழைந்து நூலாகிவிட்டது.

எங்கள் மேல்மாடியில் பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயரான மாமா ஒருவர் இருக்கிறார். பார்த்ததுமே "நாற்றழுகல்" என்றார். பித்தியம் என்று பூஞ்சை மாதிரியான ஒன்றாம்; தேங்கிய நீரில் அதன் வித்துகள் நீந்தியே அடுத்த செடிக்குப் போய்விடுமாம். 1907-லேயே பட்லர் என்ற வெள்ளைக்காரர் அதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். அவர் இருந்தது பீகாரில் பூசா என்ற ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில். 1934 பூகம்பத்தில் அந்த நிலையம் சேதமாகி, 1936-ல் டெல்லிக்கு வந்தபோது ஊர்ப் பெயரும் கூடவே வந்திருக்கிறது. நான் தினமும் போகும் பூசா ரோட்டை, ஏதோ பூசை சம்பந்தப்பட்டது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்!

சரி, உன் மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) வருவோம். பதினைந்து நாள் செடி திட்டுத் திட்டாக வாடுகிறது, பிடுங்கினால் கழுத்தில் கரி அப்பினாற்போல் இருக்கிறது என்று நீ எழுதியதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். கழுத்தழுகல் என்கிறார். வெங்காயத் தோலில் கறுப்புப் பொடி படியுமே, அதே ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சைதான். மண்ணிலும் இருக்கும், விதையோடும் வரும். என் மிளகாய்க்கு ஈரம் எமன். இதற்கோ சூடான மண்தான் கொண்டாட்டம். கரிக்குப் பதில் வெள்ளை நூலும் கடுகு மாதிரி உருண்டையும் தெரிந்தால் அது தண்டழுகல். அந்தக் கடுகு வருஷக்கணக்கில் மண்ணில் சாகாமல் கிடக்கும், செடியை வரப்பில் போடாமல் கொளுத்திவிடு.

கடைக்காரர் கொடுத்த மருந்தை இப்போது ஊற்றினால் விழுந்த செடி எழுந்திருக்காது. அடுத்த பட்டத்துக்காவது பார். மெஷினில் உடைத்த பருப்பு என்றாயே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். தோல் கிழிந்த பருப்பு பூஞ்சைக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. அம்மா திண்ணையில் உட்கார்ந்து கையால் உடைத்து, பழுது பொறுக்குவார்களே, அப்படி எடுத்த பருப்பில் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலந்து விதை. கூடவே கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தையும் சேர்த்துவிடாதே. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதானே, மருந்து அதையும் கொன்றுவிடும்.

அப்புறம், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன். அதற்குள் இன்னும் ஒரு சிட்டிகை மிளகாய் விதை அனுப்பு. டப்பாவில் ஆணியைக் காய்ச்சி ஏழு ஓட்டை போட்டுவிட்டேன்.

உன்
சேகர்