‘புய்க்’ அல்ல, ‘புச்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கட்டலோனியாவின் முன்னாள் அதிபர் கார்லஸ் புஜ்தமோனின் பெயர் 2017ஆம் ஆண்டு முதல் தமிழ் நாளிதழ்களில் ஒரு நாள் ‘புய்க்டெமான்ட்’ என்றும் மறுநாள் ‘பிக்டெமோன்ட்’ என்றும் அச்சாகிவருகிறது. தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. ஆங்கிலச் செய்தியில் கண்ட எழுத்துகளை அப்படியே ஒலித்துப் பார்ப்பதால் வரும் பிழை இது.

அப்பெயரின் முற்பகுதியான ‘புச்’ (Puig), அப்பகுதியின் கட்டலான் மொழியில் குன்று என்று பொருள்படும். தனியே நின்று குடும்பப்பெயராகவும் வழங்குகிறது. மேடு, மேடை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் ஒன்றிலிருந்து பிறந்த இச்சொல்லின் இறுதியில் ஐ, ஜி என்னும் இரண்டு எழுத்துகள் நின்றாலும், அவை சேர்ந்து ‘பச்சை’ என்பதில் உள்ள ‘ச்’ போலவே ஒலிக்கும். புஜ்தமோனில் அடுத்து வரும் ஒலியால் அது ‘ஜ்’ என மெலிகிறது, அவ்வளவே.

இதைவிடச் சுவையானது கட்டடக்கலைஞர் ஜோசப் புச் இ கதஃபால்க்கின் பெயர். மத்தாரோவில் 1867இல் பிறந்து, பார்சிலோனாவில் கவுதியின் பாட்லியோ இல்லத்தை ஒட்டி நிற்கும் அமத்லியேர் இல்லத்தை வடிவமைத்த இவர், 1917 முதல் கட்டலோனியக் கூட்டாட்சி மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். ஆங்கிலம் பழகிய கண்ணுக்கு ‘க்’ என்று தோன்றும் புச்சின் முடிவு ‘ச்’ ஆகிறது. சி, எச் என்னும் எழுத்துகளால் ‘ச்’ என்று தோன்றும் கதஃபால்க்கின் முடிவோ ‘க்’ ஆகிறது. இடையில் உள்ள ‘இ’ நம் ‘உம்’மைப் போன்றது: முன்னது தந்தைவழிப் பெயர், பின்னது தாய்வழிப் பெயர். ஆகவே இடநெருக்கடியில் ‘கதஃபால்க்’ என்று மட்டும் சுருக்கினால் தந்தை பெயரையே வெட்டிவிட்டதாகும். ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் 1974 மார்ச் 2 அன்று, கழுத்தை நெரிக்கும் கரோட் கருவியால் பார்சிலோனாச் சிறையில் கொல்லப்பட்ட இளைஞர் சல்வடோர் புச் அந்திக்கின் பெயரிலும் இதே ‘ச்’, ‘க்’ இணையைக் காணலாம்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். 2016இல் ரியோ ஒலிம்பிக் டென்னிஸ் இறுதியாட்டத்தில் ஏஞ்சலிக் கெர்பரை வென்று, போர்ட்டோ ரிக்கோவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்த மோனிகாவின் குடும்பப்பெயரும் இதே எழுத்துகளால் ஆனதுதான். ஆனால் அட்லாண்டிக்கைக் கடந்து சென்ற அப்பெயர் அங்கே ‘புவீக்’ என்று ஒலிக்கிறது. கியூபாவில் பிறந்த பேஸ்பால் வீரர் யாசியேலின் பெயரும் அவ்வாறே. இவர்களைக் கட்டலான் இலக்கணத்தைக் காட்டிப் ‘புச்’ ஆக்குவதும் பிழையே.

எனவே, பெயருக்கு உரியவர் அதை எப்படி ஒலிக்கிறாரோ அப்படியே எழுதுவது என்றும், ஒருமுறை முடிவுசெய்த வடிவத்தை அரசியல், விளையாட்டுப் பக்கங்கள் இரண்டிலும் மாற்றாமல் கையாள்வது என்றும் தங்கள் ஆசிரியர் குழு ஒரு நடைமுறையை வகுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை.